இரண்டு கவுன்சிலும் "எங்கள் ஆள் இல்லை" என்றால் எங்கே போவது?

மடப்பள்ளி அக்கா:

வணக்கம். லண்டனில் ஒரு முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் அன்னதானத்துக்கு உதவி செய்கிறேன். கோயில் பெயரும், அந்தந்தப் பகுதியை நிர்வகிக்கிற கவுன்சில்களின் பெயர்களும் போடவில்லை. போட்டால் நான் சொல்லப்போகிற வீடில்லாத ஐயாவை எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

போன ஜூன் கடைசியில் இருந்து வருகிறார். வயது 67. தட்டில் ஒரு பருக்கை விடமாட்டார். சாப்பிட்டு முடிந்ததும் யாரும் கேளாமலே தும்புத்தடியை எடுத்து மண்டபத்தைக் கூட்டுவார். பக்கத்தில் எங்கேயோ வீடு என்றுதான் நினைத்திருந்தோம். கார் பார்க்குக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகள் வைக்கிற தகரக் கொட்டிலில் படுக்கிறார் என்பது அக்டோபரில்தான் தெரிந்தது. குளிர் கூடின இரவுகளில் நைட் பஸ். முதியோருக்கான இலவசப் பயண அட்டை, ஃப்ரீடம் பாஸ், இருக்கிறது, ஆனால் வார நாட்களில் விடிய நாலரையிலிருந்து ஒன்பது மணி வரை அது எடுபடாது. நாலரைக்கு முன் ஏறின பஸ்ஸில் கடைசித் தரிப்பு வரை போய் இறங்கி, நடந்து வந்து, ஐயர் கதவு திறக்கும் வரை வாசலில் நிற்பார். இதையெல்லாம் அவராகச் சொல்லவில்லை, ஐயர்தான் சொன்னார்.

1990களில் வந்தவர். நிரந்தர வதிவிட உரிமை உண்டு, ஆனால் அது குத்திய பழைய பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது. பெட்ரோல் ஷெட்டில் இரவு வேலை, பிறகு கடை. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. பக்கத்துக் கவுன்சிலில் ஒரு வீட்டில் சின்ன அறை, 11 வருடம், காசாகத்தான் வாடகை, ஒப்பந்தம் என்று ஒரு துண்டு இல்லை. மே மாதம் வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். சீனி வருத்தம் இருக்கிறது, கால் பெருவிரலில் ஒரு புண் ஆறாமல் நிற்கிறது.

போன திங்கள் லீவு போட்டுவிட்டு, கோயில் இருக்கிற கவுன்சிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை கடைசி அட்ரஸைக் கேட்டது. "அது பக்கத்துக் கவுன்சில், அங்கே போங்கள்." இரண்டு பஸ் பிடித்துப் போனோம். அங்கே கேட்ட கேள்வி, "இப்போது எங்கே படுக்கிறார்? ஏழு மாதமாகவா? அப்படியானால் அவர்கள்தான் பார்க்கவேண்டும்." வெளியே வந்ததும் ஐயா சிரித்துக்கொண்டே, "நான் என்ன பார்சலா பிள்ளை, அட்ரஸ் பிழை என்று திருப்பித் திருப்பி அனுப்ப?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோயில் கமிட்டி இதில் தலையிட வேண்டாம் என்கிறது. கோயிலில் ஆட்களைப் படுக்க விடுகிறோம் என்று பெயர் வருமாம். யாராவது இந்த வழியில் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள், எந்தக் கவுன்சில்தான் பொறுப்பு?

ஈஸ்ட்ஹாம் வாசி:

வீதியில் படுக்கிறவர்களைப் பற்றித் தெரிவிக்கிற ஸ்ட்ரீட்லிங்க் இணையதளத்தில் பதியுங்கள். அவர் படுக்கிற இடத்தைச் சரியாகக் குறிக்கவேண்டும்: தகரக் கொட்டில், எந்தப் பக்க வாசல், எத்தனை மணிக்குப் படுப்பார், என்ன நிறப் போர்வை. அவுட்ரீச் ஆட்கள், வீதியில் படுக்கிறவர்களைத் தேடிப்போய் உதவுகிறவர்கள், இரவில் வருவார்கள். படுத்திருக்கும் நிலையில் கண்டால்தான் கணக்கில் எடுப்பார்கள், ஆகவே அவர்கள் வரும் இரவில் ஐயா பஸ்ஸில் சுற்றக்கூடாது.

மற்றபடி பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். லண்டனில் தற்காலிக இருப்பிடங்களில் 183,000 பேர், ஐம்பதில் ஒருவர், என்று கவுன்சில்களே 2024இல் கணக்குச் சொன்னார்கள். கைக்குழந்தையோடு நிற்கிறவர்களுக்கே ஹோட்டல் அறைதான். தனி ஆளுக்கு எங்கே?

மேசைக்கு மறுபக்கம்:

தங்கச்சி, நான் வெளி லண்டன் கவுன்சில் ஒன்றில், வீடில்லாதவர்களின் விண்ணப்பங்களைப் பார்க்கிற ஹவுசிங் ஆப்ஷன்ஸ் பிரிவில் 14 வருடம் இருந்தேன். விட்டு இரண்டு வருடம் ஆகிறது. முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கவுண்டர்ப் பிள்ளை உங்களுக்குச் செய்ததை நானும் பலருக்குச் செய்திருக்கிறேன். "கடைசி அட்ரஸ் எது?" என்பதுதான் எங்கள் வாயில் முதலில் வரும். சட்டப்படி அது கடைசியில் வரவேண்டிய கேள்வி.

சட்டம் சொல்வது இதுதான். வீடில்லாமல் இருக்கலாம் என்று நம்பக் காரணமுள்ள ஒருவர் எந்தக் கவுன்சிலின் முன்னால் வந்து நிற்கிறாரோ, அந்தக் கவுன்சில் அவருடைய விண்ணப்பத்தை எடுத்து விசாரிக்கவேண்டும். "அங்கே போங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்ப முடியாது. அவருக்கு முன்னுரிமைத் தேவை, அதுதான் இவர்கள் ப்ரையோரிட்டி நீட் என்பது, இருக்கலாம் என்று நம்பக் காரணம் இருந்தால், விசாரணை முடியும் வரை தங்க இடமும் அவர்களே தரவேண்டும். கவனியுங்கள், "இருக்கலாம்" என்றாலே போதும், நிரூபிப்பது பிறகு. 67 வயது, சீனி வருத்தம், காலில் ஆறாத புண், தகரக் கொட்டில். இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

பொறுப்பு பக்கத்துக் கவுன்சிலுடையது என்று நினைத்தால், விண்ணப்பத்தை எடுத்த பிறகு எழுத்தில் அவர்களுக்கு அனுப்பலாம். இரண்டு பேரும் எத்தனை நாள் வேண்டுமானாலும் சண்டை பிடிக்கட்டும். அதுவரை ஐயா முதல் கவுன்சில் கொடுத்த அறையில் இருப்பார். சண்டை அவர்களுடையது, அவருடையது இல்லை.

இப்போது உங்கள் விஷயத்தில் எனக்குக் கண்ணில் பட்டது. லோக்கல் கனெக்ஷன், அதாவது ஊர்த் தொடர்பு, என்பதற்குக் கவுன்சில்கள் தங்களுக்குள் வைத்திருக்கிற கணக்கு, கடைசி 12 மாதத்தில் 6 மாதம், அல்லது கடைசி 5 வருடத்தில் 3 வருடம் அந்த இடத்தில் வசித்திருக்கவேண்டும். வேலையும் நெருங்கிய உறவும்கூடக் கணக்கு. வசிப்பது என்றால் கூரைக்குக் கீழே என்று அர்த்தமில்லை. வீதியில் படுக்கிறவரும் சிநேகிதர் வீட்டு சோஃபாவில் படுக்கிறவரும் அந்த இடத்து ஆட்களாக இருக்கலாம் என்று அரசாங்கத்தின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. ஜூன் கடைசியிலிருந்து இப்போது ஜனவரி நடு வரை எண்ணிப் பாருங்கள். ஆறு மாதம் தாண்டிவிட்டது. ஐயா இப்போது கோயில் கவுன்சிலின் ஆள். பக்கத்தில் 11 வருடம் இருந்ததால் அங்கேயும் அவருக்குத் தொடர்பு உண்டு, ஆனால் இங்கே தொடர்பு இருக்கிற ஒருவரை இவர்கள் அங்கே தள்ள முடியாது.

ஆகவே கோயில் கவுன்சிலுக்கே திரும்பிப் போங்கள். ஜூனிலிருந்து அவர் அங்கே இருக்கிறார் என்பதற்கு ஆதாரம் தேடுங்கள். ஐயரின் கடிதம், அன்னதானக் கொப்பி, திருவிழாப் படம், எதுவானாலும்.

ஏன் இப்படித் தள்ளுகிறார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கெட்ட மனம் இல்லை, காசு. தற்காலிக இருப்பிடத்துக்கு லண்டன் கவுன்சில்கள் சேர்ந்து ஒரு நாளைக்குச் செலவழித்தது 2024 கணக்கில் 40 லட்சம் பவுண்டு. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் அலுவலகம் எப்படியிருக்கும் என்றால், வாசலில் பையோடு நாலு குடும்பம், என் கையில் ஒரு ஏஜெண்டின் நம்பர். அவர் கையில் ஒரு அறை. அதே அறைக்கு அவர் இன்னும் இரண்டு கவுன்சிலோடு கதைத்துக்கொண்டிருப்பார். "அவர்கள் பத்துப் பவுண்டு கூடத் தருகிறார்கள், நீங்கள்?" மற்றவர் எல்லைக்குள் போய் விலையை ஏற்றக்கூடாது என்று லண்டன் கவுன்சில்களுக்குள் ஓர் உடன்பாடு இருக்கிறது. காலையில் அந்த உடன்பாடு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். மூன்று மணிக்கு மறந்துவிடும்.

ஒருமுறை அப்படி எடுத்த வீடு ஒன்றைப் பார்க்கப் போனேன். மாடிப்படி ஏறினால் ஒரு நடையில் மூன்று கதவு. மூன்று குடும்பம், மூன்று கவுன்சில், ஒரே அளவு அறை, மூன்று விலை. அடுப்படி ஒன்றுதான். ஃபிரிட்ஜில் ஒவ்வொரு தட்டுக்கும் மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்த மூன்று அம்மாக்களும் தங்களுக்குள் எல்லையைப் பிரித்துக்கொண்டு சண்டையில்லாமல் இருந்தார்கள். ஒரே வீட்டுக்காரனுக்கு மூன்று கவுன்சிலாகச் சேர்ந்து காசைக் கொட்டிக்கொண்டிருந்தது நாங்கள்தான்.

இது புது வியாதியும் இல்லை. 1662இலேயே, புதிதாக வந்த ஏழை தங்கள் தலையில் விழுவான் போலிருந்தால் 40 நாளுக்குள் பழைய ஊருக்குத் திருப்பி அனுப்பலாம் என்று இங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள். 1977இல் வீடற்றோர் சட்டம் வந்தபோது கடற்கரை ஊர்க் கவுன்சில்கள் எல்லோரும் தங்களிடம் வந்து குவிவார்கள் என்று பயந்தன. லோக்கல் கனெக்ஷன் அந்தப் பயத்தின் பிள்ளை.

ஆனால் சேர்ந்து வேலை செய்ய இவர்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். லண்டனில் எங்கேயாவது இரவு வெப்பம் பூச்சியத்துக்கு இறங்கும் என்று முன்னறிவிப்பு வந்தால் ஸ்வெப் என்கிற அவசர ஏற்பாடு முழு நகரத்துக்கும் போடப்படும். அந்த இரவில் யாரும் கடைசி அட்ரஸ் கேட்பதில்லை. உள்ளே வந்தவரை அடுத்த ஏற்பாடு இல்லாமல் வெளியே விடுவதில்லை என்பதும் அதில் ஒரு கொள்கை. 2020 மார்ச்சில் கோவிட் நேரம், வீதியில் இருக்கிற எல்லோரையும் உள்ளே எடுங்கள் என்று அரசாங்கம் சொன்னது. சில நாட்களில் ஹோட்டல்கள் நிரம்பின. எங்கள் படிவத்தில் லோக்கல் கனெக்ஷன் என்று ஒரு கட்டம் உண்டு. அந்த வசந்தம் முழுக்க நான் அதை வெறுமையாக விட்டேன், ஒரு மேலதிகாரியும் திருப்பி அனுப்பவில்லை. 14 வருடத்தில் நான் வெட்கப்படாமல் வீட்டுக்குப் போன மாதங்கள் அவை.

சரி, நடக்கவேண்டியதைச் சொல்கிறேன். கவுண்டரில் "உதவி வேண்டும்" என்று சொல்லாதீர்கள், "ஹோம்லெஸ் அப்ளிகேஷன் செய்ய வந்திருக்கிறோம், இன்றிரவு தங்க இடமில்லை" என்று சொல்லுங்கள். இணையத்தில் படிவம் நிரப்பச் சொன்னால் அங்கேயே நின்று நிரப்புங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் என்றதும் பாதிப் பேர் உள்ளே போய் மேலதிகாரியைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், நானும் போயிருக்கிறேன். அதற்கும் அசையாவிட்டால், வீடில்லாதவர்களுக்கு ஆலோசனை சொல்கிற ஷெல்டர் அமைப்பை அல்லது அந்தப் பகுதிச் சட்ட மையத்தைப் பிடியுங்கள். பாஸ்போர்ட் தொலைந்ததற்கு, நிரந்தர உரிமையை உறுதிப்படுத்த உள்துறையில் நோ டைம் லிமிட் விண்ணப்பம் போடவேண்டும், கட்டணம் இல்லை. பழைய அட்டைகளெல்லாம் போய் இப்போது ஈ-விசா, இணையத்தில் இருக்கிற பதிவு, என்பதால் அது எப்படியும் தேவை.

2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில், வீடில்லாதவருக்கு இடம் தேட உதவ கவுன்சிலுக்கு 56 நாள் கடமை இருக்கிறது, தனி ஆளானாலும். ஈஸ்ட்ஹாம் வாசிக்கு இதைத்தான் சொல்கிறேன். அந்த மசோதாவைக் கொண்டுவந்தது நம்மவர்கள் நிறைய இருக்கிற ஹாரோ ஈஸ்டின் எம்பி பாப் பிளாக்மன். பொங்கல் விழா மேடைகளில் எம்பிக்களோடு படம் எடுக்கிற நாம் இதைத் தெரிந்து வைத்திருக்கவில்லை.

வார்ட் சிஸ்டர், மான்செஸ்டர்:

அக்கா, நான் மதுரைப் பக்கம், இங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். கவுன்சில் விஷயத்தை அண்ணன் சொல்லிவிட்டார். நான் காலைப் பற்றிச் சொல்கிறேன். சுகர் இருக்கிறவருக்குப் பெருவிரலில் புண் ஆறவில்லை என்றால் அது அடுத்த திங்கள் வரை காத்திருக்கிற விஷயம் இல்லை. நாளைக்கே காட்டுங்கள். ஜிபியில், அதாவது குடும்ப டாக்டரிடம், பதிய அட்ரஸ் தேவையில்லை, ரிசப்ஷனில் கேட்டாலும் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். சிவந்து, சூடாக, வீங்கி இருந்தால் நேராக ஏ அண்ட் இ, அவசர சிகிச்சைப் பிரிவு.

அங்கே போனால் இன்னொன்றும் நடக்கும். 2018 அக்டோபரிலிருந்து ஆஸ்பத்திரி, ஜெயில், ஜாப்சென்டர் மாதிரி இடங்களுக்கு ஒரு கடமை இருக்கிறது. வீடில்லாதவர் என்று தெரிந்தால், அவர் சம்மதத்தோடு கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். எந்தக் கவுன்சில் என்பதை நோயாளிதான் தேர்ந்தெடுப்பார், நாங்கள் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டிஸ்சார்ஜ் பேப்பரில் அட்ரஸ் இருக்கிற இடத்தில் "என்எஃப்ஏ", நிலையான முகவரி இல்லை, என்று மூன்று எழுத்து எழுதிவிட்டு டாக்ஸி கூப்பிடுவோம். டாக்ஸிக்காரர் எங்கே போகணும் என்று கேட்பார். ஒருத்தர் "பஸ் ஸ்டாண்ட்" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இப்போது படிவம் இருக்கிறது, அதை நிரப்புங்கள் என்று நீங்களே நர்ஸிடம் கேளுங்கள். பிஸியாக இருந்தால் மறந்துபோவோம், அதுவும் உண்மைதான்.

இங்கே கிரேட்டர் மான்செஸ்டரில் பத்துக் கவுன்சிலும் சேர்ந்து "எ பெட் எவ்ரி நைட்", ஒவ்வோர் இரவும் ஒரு படுக்கை, என்று 2018இலிருந்து நடத்துகிறார்கள். 2017இல் மேயரான ஆண்டி பர்ன்ஹாம் தன் சம்பளத்தில் 15 சதவீதம் இதுமாதிரி வேலைக்குக் கொடுத்து வந்தார். அதற்காக ராத்திரி எல்லோருக்கும் படுக்கை கிடைக்கிறது என்று நினைக்காதீர்கள், நிரம்பித்தான் கிடக்கும். ஆனால் போல்ட்டனா சால்ஃபோர்டா என்று நான் போனில் மல்லுக்கு நிற்பது குறைந்திருக்கிறது.

மடப்பள்ளி அக்கா:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கிழமை எழுத முடியவில்லை.

சிஸ்டர் சொன்ன அடுத்த நாளே காலைக் காட்டினோம். எலும்புக்குப் போகவில்லை, ஆனால் இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் போயிருக்கும் என்றார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றுகிறார்கள். படிவமும் அங்கேயே நிரப்பினார்கள். எந்தக் கவுன்சில் என்று கேட்டபோது ஐயா என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. "முருகன் இருக்கிற கவுன்சில்" என்றார். நர்ஸுக்கு மொழிபெயர்க்கக் கொஞ்சம் கஷ்டப்பட்டேன்.

ஆதாரம் தேடினோம். அன்னதானக் கொப்பியில் ஆட்களின் எண்ணிக்கைதான் இருக்கிறது, பெயர் இல்லை. ஐயர் கடிதம் தந்தார், கமிட்டிக்குச் சொல்லாமல். பிறகு என் மகள் ஜூலைத் தேர்த் திருவிழாப் படங்களை ஃபோனில் தள்ளித் தள்ளிப் பார்த்து ஒன்றைப் பிடித்தாள். வடம் பிடிக்கிற வரிசையில் கடைசிக்கு முதல் ஆள், வேட்டி, அதற்கு மேல் யாரோ கொடுத்த ஃபுட்பால் ஜெர்சி. படத்தில் திகதியும் இருக்கிறது. அதை அச்சடித்துக் கொண்டுபோனோம். இந்த முறை கவுண்டரில் வேறு ஆள். நீங்கள் சொன்ன வசனத்தை அப்படியே சொன்னேன் அண்ணா, குரல் நடுங்கியது. எழுத்தில் கேட்கவேண்டி வரவில்லை. படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் எது அவர்?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை ஆறு மணிக்கு அறை கொடுத்தார்கள். எங்கே தெரியுமா? இந்தக் கவுன்சிலும் இல்லை, பக்கத்துக் கவுன்சிலும் இல்லை. மூன்றாவது ஒன்று! கோயிலுக்கு ஒரு மணித்தியால பஸ். கேத்தில் இருக்கிறது, ஹீட்டர் வேலை செய்கிறது, கழிப்பறை பொது. வெள்ளிக்கிழமை ஒன்பதடிக்கப் பஸ் ஏறிப் பத்தரைக்கு வந்து கூட்டுகிறார்.

56 நாளில் 13 போய்விட்டது. கோயில் நாட்காட்டி ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு போய் ஒவ்வொரு நாளும் கோடு போடுகிறாராம். 57ஆம் நாள் என்ன நடக்கும் என்று என்னிடம் கேட்கிறார். என்ன சொல்ல?

மேசைக்கு மறுபக்கம்:

மூன்றாவது கவுன்சிலில் வைத்தது எனக்கு ஆச்சரியமில்லை. வைத்தவர்கள் 14 நாளுக்குள் அந்தக் கவுன்சிலுக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். நம் காலத்தில் அந்தக் கடிதம் போய்ச்சேர்ந்ததா என்று யாரும் பார்த்ததில்லை. அவரை வைத்திருக்கிற பொறுப்பு கோயில் கவுன்சிலுடையதுதான், அறை எங்கே இருந்தாலும். கால் கட்டுக்கும் கோயிலுக்கும் தூரம் என்று ஜிபியின் கடிதத்தோடு எழுதிக் கேளுங்கள். முடிந்தவரை சொந்த எல்லைக்குள் அல்லது கிட்ட வைக்கவேண்டும், இல்லையென்றால் ஏன் என்று விளக்கவேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் ஐந்து பிள்ளைகளோடு ஒரு அம்மாவை மில்டன் கீன்ஸ் பக்கம் அனுப்பப் பார்த்த வழக்கு அது.

57ஆம் நாள் தானாக ஒன்றும் நடக்காது. யாரும் வந்து கதவைத் தட்டி வெளியே போ என்று சொல்ல முடியாது, ஒரு கடிதம் வரவேண்டும். முன்னுரிமைத் தேவை உண்டு என்று முடிவெடுத்தால் முழுக் கடமை தொடங்கும், நிலையான இடம் கிடைக்கும் வரை வைத்திருப்பார்கள். இல்லை என்றால் மறுபரிசீலனை கேட்க 21 நாள் இருக்கிறது. அதற்கிடையில் ஒன்று செய்யுங்கள். முதியோருக்கான ஷெல்டர்ட் ஹவுசிங் பட்டியலில் அவரைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பொதுப் பட்டியலைவிட அது பல இடங்களில் வேகமாக நகரும், எங்கள் ஆட்கள் அதைக் கேட்பதே இல்லை. பென்ஷன் வயது தாண்டியவர் என்பதால் வேலை வயதினருக்கான உதவிப் பணமான யுனிவர்சல் கிரெடிட் பக்கம் போகவேண்டாம், பென்ஷன் கிரெடிட்டும், வாடகைக்கு ஹவுசிங் பெனிஃபிட்டும் கேளுங்கள்.

நாட்காட்டியில் 50ஆம் நாளை வட்டம் போடச் சொல்லுங்கள். அன்றைக்குக் கடிதம் வரவில்லை என்றால் இங்கே எழுதுங்கள், நான் இருப்பேன்.